கட்டணம் 0.00

என் பயணச்சீட்டில் தொகை இருக்கும் இடத்தில்
சைபர், புள்ளி, சைபர் சைபர்.
கூட்டுறவு வங்கியின் நகைக்கடன் மேசையில்
முப்பத்தொரு வருஷம் பேரேடு எழுதியவள் நான்.
சைபர் போட்டு ஒரு ரசீது
என் கையால் கிழித்ததேயில்லை.

அந்த முப்பத்தொரு வருஷமும் ஒரே தடம்.
பழங்காநத்தம் ஏறி சிம்மக்கல்,
சிம்மக்கல் ஏறி பழங்காநத்தம்.
ஊருக்கு வேறு திசைகள் உண்டென்பது
பலகை படித்துத் தெரியும்:
வலையங்குளம், நாகமலைப் புதுக்கோட்டை, திருமோகூர்.
யாரோ ஏறிப் போகிற பஸ்கள்.

இப்போது செவ்வாய்க்கிழமையானால் கிளம்பிவிடுகிறேன்.
முகப்பில் ரோஸ் பூசிய வண்டி வரும்வரை
முட்டியை நீவிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.
எங்கம்மா போகணும்?
கடைசி ஸ்டாப்.
அங்க யாரு இருக்கா?
யாருமில்ல, அதான்.

ஒருநாள் ஒரு கண்டக்டர் சீட்டே கிழிக்கவில்லை.
"உக்காருங்க, எல்லாம் ஓசிதானே."
பஸ் நிறையப் பெண்கள்.
மடியில் ஸ்கேன் கவர் வைத்திருந்தவள்
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
நான் உட்காரவில்லை.
தம்பி, சீட்டைக் குடுங்க.
சீட்டு இல்லைன்னா
நான் இந்தப் பஸ்ல ஏறவே இல்லைன்னு ஆயிடும்.
பின்னால் யாரோ சிரித்தாள்.
ஸ்கேன் கவர்க்காரி கையை நீட்டினாள்,
அப்புறம் கீரைக்கூடைக்காரி,
அப்புறம் அவளுக்குப் பின்னால் இருந்தவள்.
அவனியாபுரம் வரைக்கும்
மெஷின் கிர்ர் கிர்ரென்று ஓயவேயில்லை.

வீட்டில் சங்கையாவுக்கு இது ஆகவில்லை.
மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுத்தவர்,
எதுவும் ஓடினால் ஓடினதற்குக் காசு என்கிற கட்சி.
பென்ஷன் வாங்குறவளுக்கு ஓசி எதுக்கு என்றார்.
சென்னையில் அறுபது தாண்டினால்
ஆம்பளைக்கும் டோக்கனாம் என்று
பேப்பரிலிருந்து வெட்டி வைத்திருக்கிறார்,
அது வேறு.

திருமோகூர் போய்வந்த அன்று சொன்னேன்:
அந்தப் பக்கமிருந்து பார்த்தால்
யானைமலை யானையாகவே இல்லை.
தும்பிக்கை இல்லை, மத்தகம் இல்லை,
வெயிலில் ஒரு பாறை, அவ்வளவுதான்.
போடி, என்றார்.
ராத்திரி விளக்கை அணைத்த பிறகு,
தும்பிக்கை கூடவா இல்ல? என்றார்.

அடுத்த செவ்வாய் செருப்பைத் தேடினார்.
பெரியாரில் கூட்டம். கம்பியைப் பிடித்தபடி நின்றார்
இடுப்பில் பெல்ட் கட்டிய அறுபத்தொன்பது வயசு.
நான் உட்கார்ந்திருந்தேன்.
எழுந்து இடம் கொடுத்தால் வாங்கமாட்டார் என்று தெரியும்,
அதனால் கொடுக்கவில்லை.
அதுவும் ஒரு காரணம்தான்.
அவர் பாக்கெட்டிலிருந்து பத்து ரூபாயும் சில்லறையும்
ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

ஒத்தக்கடை தாண்டித் திருப்பத்தில்
குனிந்து, பெண்கள் தலைகளுக்கு மேலாக
ரொம்ப நேரம் பார்த்தார்.
"இந்தப் பக்கம் ரீடிங் எடுக்க வந்திருக்கேன்" என்றார்.
"பெட்டிப் பெட்டியாப் பார்த்துட்டே போயிட்டேன்."

திருமோகூரில் டீ குடித்தோம். காசு நான் கொடுத்தேன்.
திரும்பி வருகையில் வண்டி காலி.
என் பக்கத்து சீட்டில் பையை வைத்துவிட்டு
அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று சீட்டு வாங்கினேன்.
என்னுடையதைக் கேட்டு வாங்கி
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார்.
சைபர் ரீடிங் வந்தா
வீட்ல ஆள் இல்லைன்னு எழுதுவோம் என்றார்,
கேலியா வருத்தமா என்று தெரியவில்லை.

நரசிங்கத்தில் ஏறிய பிள்ளை
பையைக் காட்டி, ஆள் இருக்கா என்றாள்.
இருக்கு, என்றேன்.
அவர் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார்,
இரண்டு சீட்டையும் கையில் வைத்துக்கொண்டு.