ஈரப்பதம்

கொரடாச்சேரிக்குத் தெற்கே
தார்ச்சாலையில் பாதியை நெல்லுக்குக் கொடுத்துவிட்டு
மீதியில் ஒதுங்கிப் போகின்றன பேருந்துகள்.
கொள்முதல் நிலையத்தில் நான் பருவகாலப் பட்டியல் எழுத்தர்.
கருவி என் கையில்.
பதினேழுக்குள் என்றால் சாக்கு,
மேலே போனால் மறுபடி வெயில்.

மன்னார்குடிக் கல்லூரியில் ஒரு வினா வந்தது:
ஏழை நாடுகள் ஏன் ஏழையாகவே இருக்கின்றன?
பத்து மதிப்பெண்.
வட்டம் வரைந்து அம்புக்குறி போட்டேன்.
குறைந்த வருமானம், குறைந்த சேமிப்பு, குறைந்த முதலீடு,
திரும்பவும் குறைந்த வருமானம்.
எட்டு போட்டார்கள்.

தையல்நாயகிக்கு இன்று ஒன்பதாம் நாள்.
வந்தன்று இருபத்திரண்டு. நேற்று பதினேழரை.
ராத்திரி மழை.
இன்று இருபது.
தார்ப்பாய்க்கு நாள் வாடகை,
காவலுக்குப் பள்ளிக்கூடம் போகாத மகன்,
செவ்வாய்க்கிழமை குழுக்கடன் தவணை.
என் வட்டத்தில் இதற்கெல்லாம் இடம் விட்டிருக்கவில்லை.

சுமை தூக்கும் ராம்பிரவேஷ்
மூட்டைமேல் படுத்து வீட்டுக்குப் பேசுகிறான்.
பிகாரில் அவனுக்கும் இரண்டு பிகா நெல் உண்டு.
எடுக்க ஆளில்லை,
அதனால்தான் இங்கே தூக்குகிறேன் என்பான், சிரித்துக்கொண்டே.

"மூட்டைக்கு அம்பது தர்றேன்,
பதினேழுன்னு எழுதிடு தம்பி."

நேற்று வேறொருவருக்கு எழுதினேன்.
இந்த வேலைக்காக வாங்கிய கடன்
இன்னும் பாதி நிற்கிறது.

நான் பேசாமல் நிற்க,
குனிந்து ஒரு பிடி அள்ளி
என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.
"மிஷின வுடு. நீ சொல்லு."

சில்லென்றுதான் இருந்தது.
கை வியர்த்திருந்தது,
அதனாலும் இருக்கலாம்.

அடுத்த குவியல்காரர் இருமினார்.