லீட் கிட்டார்: மஸ்கட்டில்

எப்பம் பாடுவாவ, என்று கேட்டாள் ஜெர்மிலா
பன்னிரண்டு நிமிடம் பொறுத்த பிறகு.
பாடமாட்டாவ, என்றேன்.
பின்ன எதுக்கு இம்புட்டு நேரம் தொண்டைய செருமுதாவ?

அவளைக் குறை சொல்ல மாட்டேன்.
ராக் ஆல்பம் என்றதற்கு
டிக்கெட் எடுத்து போட்டில் போற பாறையா என்றான் கிளீட்டஸ்.
சின்னமுட்டத்தில் ராக் என்றால் அது ஒன்றுதான்.

ஆல்பத்தின் பெயரும் 'கல்லுக்கு அந்தப்பக்கம்'.
ஆறு உருப்படி, நாற்பத்தோரு நிமிடம்,
வடசேரியில் ஒரு பாத்திரக்கடை மாடியில் பதிவு செய்தது.
பேஸ் கிட்டார் இரண்டு, டிரம்ஸ் ஒன்று,
கோவிலில் கழித்துப் போட்ட ஆர்மோனியம், துருத்தி கிழிந்தது.
விரல் வித்தை காட்டி நெஞ்சைப் பிடுங்குகிற லீட் கிட்டார்
கிடையாது.
உறைக்குப் பின்னால் பெயர் மட்டும் இருக்கிறது:
லீட் கிட்டார், ஷாரோன் ஜெபா, மஸ்கட்டில்.

பதிவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது
விசா வந்துவிட்டது அவனுக்கு.
வேறு ஆளைப் போட்டிருக்கலாம்.
நாகர்கோவிலில் கிட்டார் தெரிந்தவனுக்கா பஞ்சம்,
குவயருக்கு நாலு பேர் நிற்கிறான்.

இவர்கள் செய்ததைக் கேளுங்கள்.
அவனுடைய ஆம்பைத் துடைத்து
அவன் நிற்கிற மூலையிலேயே வைத்து
சுவிட்சைப் போட்டார்கள்.
எதையும் சொருகவில்லை.
முன்னால் ஒரு மைக்கை நிறுத்தினார்கள்.

நாற்பத்தோரு நிமிடமும் அடியில் ஓடுகிறதே ஓர் இரைச்சல்,
அது அதுதான்.

ஐஸ் பிளாண்டில் பதினோரு வருடம் ராத்திரி ஷிப்ட் நான்.
எனக்கு இதை யாரும் விளக்க வேண்டாம்.
மூன்றாவதில் பேஸ் இறங்கி இறங்கி வந்து நிற்கிற சுருதியில்தான்
எங்கள் கம்ப்ரசர் விடிய விடிய நிற்கிறது.
ஒரு காதில் மாட்டி, மறு காதைத் திறந்துவைத்துப்
பலநாள் சோதித்துவிட்டேன்.
கிளீட்டஸுக்கும் மாட்டிவிட்டேன்.
மெஷின் சத்தத்த ரெண்டு மட்டம் கேக்கச் சொல்லுதியா, என்றான்.
ஆமாம்ல, சரியாகப் பிடித்துவிட்டாய் என்றேன்.
கழற்றி என் கையில் தந்துவிட்டுப் போனான்.

நாலாவதில் டிரம்ஸ்காரன் தாளத்தை முடிப்பதே இல்லை.
ஐஸ் பாளம் பலகையில் வழுக்கிப் போய்
கிரஷர் பல்லில் படுவதற்குக் கொஞ்சம் முன்னால்
தோள் தானாக இறுகுமே,
அந்த இடத்திலேயே ஆறு நிமிடம் நிறுத்திவைக்கிறான் பாவி.

ஐந்தாவது சுமார்தான்.
ஆர்மோனியம் கூடிப்போயிற்று.
ரசிகன் என்பதற்காகப் பொய் சொல்ல முடியாது.

ஆறாவதில்
லீட் வரவேண்டிய கட்டம் வருகிறது.
டிரம்ஸ் கதவைத் திறந்துவிட்டு விலகுகிறது.
இரண்டு பேஸும் சுவரோரம் ஒதுங்குகின்றன.
யாரும் உள்ளே வருவதில்லை.
முப்பத்திரண்டு சுற்று, யாரும் வருவதில்லை.
லாரிக்காரன் ஹாரன் அடித்து வைதுகொண்டிருப்பான்,
நான் உப்புநீர்த் தொட்டியோரம்
சங்கிலியைப் பிடித்தபடியே நிற்பேன்.

தடைக்காலம் வந்தது. போட்டெல்லாம் கரையில்.
பிளாண்டை நிறுத்தினார்கள்.
கம்ப்ரசர் இல்லாமல் முதல்முறையாக
வீட்டில் வைத்துக் கேட்டேன்.
யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.
ஜெர்மிலா நெத்திலிக் கருவாடு கிள்ளிக்கொண்டிருந்தாள்.
ஆறாவது ஓடும்போது அவள் கை நின்றது.

ஆரோ மூச்சு விடுதாவ, என்றாள்.

நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.
எனக்குக் கேட்டதில்லை.
திரும்பப் போட்டேன்.
இருபதாவது சுற்று தாண்டி
இரைச்சலுக்கும் கீழே,
சளி பிடித்த மூக்கால் ஒருவன்
இழுத்து இழுத்து விடுகிறான்.
மூன்று பேரில் யார் என்று தெரியவில்லை.
அழுகிறானா, வெறும் ஜலதோஷமா
அதுவும் தெரியவில்லை.

கருவாட்டுத் தலையை முறத்தில் போட்டுவிட்டுக் கேட்டாள்:
அந்த மஸ்கட் பையனுக்கு இத அனுப்பினாவளா?

உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
போடவில்லை.