அக்டோபர் பட்டியல்

தார்த்து நகரம். பிப்ரவரி. ஐந்து மணிக்கே இருட்டு.
எமாயுகி ஆறு உறைந்து கிடக்க
அதன்மேல் யாரோ நாயோடு நடந்து போகிறார்.
மூன்றாம் மாடியில் லேலோ கஸ்க்
பதினாலாவது முறையாகச் சிவப்பைப் பார்க்கிறாள்.

சோதனைக்கென்றே பிறக்கிற சர்வர் அது.
ஏழு நிமிட ஆயுள்.
பிறந்த கையோடு அதற்கு வேலைகள்:
இந்தப் பொதியை நிறுவு, இந்தக் கோப்பை எழுது,
இந்தச் சேவையை எழுப்பு.
முதல் வேலையிலேயே நின்றுவிடுகிறது.
‘நானூற்று நான்கு. அப்படி ஒன்று இங்கே இல்லை’
என்கிறது கடலுக்கு அப்பால்
ஹெல்சின்கியில் இருக்கும் களஞ்சியம்,
கோபமே இல்லாமல்.

அவள் மடிக்கணினியில் ஓடுகிறது.
எல்லோருடைய மடிக்கணினியிலும் எல்லாமும் ஓடும்.
அந்தச் சாட்சி செல்லாது.

ஆறரைக்குப் பிடிபட்டது.
அந்த இயந்திரத்தை வார்த்த அச்சு
அக்டோபரில் செய்தது.
அதன் வயிற்றில் அக்டோபரின் பட்டியல்:
எந்தப் பொதி, எந்தப் பதிப்பு, எந்த அடுக்கில்.
களஞ்சியம் அதற்குள்
மூன்று தடவை அடுக்கு மாற்றிவிட்டது.
கையில் பழைய பஞ்சாங்கம்,
அதைப் பார்த்து வேளை குறித்துக்கொண்டு
வீடு வீடாகத் தட்டுகிறது பிள்ளை.

ஒரு வரி போதும் என்று நினைத்தாள்.
முதலில் புதுப்பி, பிறகு நிறுவு.
நடுவில் ஓர் அம்புக்குறி.
சோதனைக்கான துணைத் தொகுதிகள் வரிசையில்
புதுப்பிக்கும் தொகுதியின் பெயரையும் சேர்த்தாள்,
இரண்டு இடைவெளி தள்ளி.
இரண்டுதான்.
மூன்று விட்டால் என்ன ஆகும் என்பதில்
போன வாரம் ஒரு புதன்கிழமை போயிற்று.

பதினைந்தாவது சிவப்பு
வேறு ரகச் சிவப்பு.
களஞ்சியத்தின் புது முகவரியில் பூட்டு.
பூட்டை நம்பச் சான்றிதழ்ப் பொதி வேண்டும்.
பொதியை நிறுவப் பட்டியல் புதிதாக வேண்டும்.
பட்டியலைப் புதிதாக்கப்
பூட்டை நம்ப வேண்டும்.
‘சார்புச் சுழற்சி’ என்று எழுதி
வட்டத்தை அம்புகளால் வரைந்தும் காட்டியது மென்பொருள்.
அழகாகத்தான் இருந்தது.
அவள் அதைக் கொஞ்ச நேரம்
கோலத்தைப் பார்ப்பதுபோல் அல்ல,
பார்க்கிங் அபராதச் சீட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

கீழ்வாசல் மணி.
கேமராவில் ஜினாயிதா, துப்புரவு வேலை,
மைனஸ் பதினாறில் மெல்லிய கோட்டு.
அட்டை இன்றோடு செத்துவிட்டதாம்.
‘புது அட்டை எங்கே தருவார்கள்?’
‘மூன்றாம் மாடியில்.’
‘மூன்றாம் மாடிக்கு எப்படி வருவது?’
லேலோவுக்குப் பள்ளிக்கூட ரஷ்யன்.
அவளுக்குக் கடைத்தெரு எஸ்தோனியன்.
இரண்டும் சேர்ந்து தேடின,
‘அட்டையைக் காட்டி’ என்ற பதிலைச்
சொல்லாமல் இருக்க ஒரு வழியை.

லிஃப்ட் மெதுவாக வந்தது.
லேலோ படியிறங்கினாள், காலுறை மட்டும் போட்ட காலோடு.
உள்பக்கத்தில் கைப்பிடி இருக்கிறது.
திருகினால் திறக்கிறது.
எந்த அட்டையும் கேட்கவில்லை அது.

திரும்பி வந்து ஓர் அம்பை அழித்தாள்.
சான்றிதழைத் தன் கையாலேயே
அச்சுக்குள் வைத்தாள்.
பக்கத்தில் குறிப்பு எழுதினாள்:
‘இதை மட்டும் உள்ளிருந்து யாராவது திறந்துவிட வேண்டும்.
விளக்கத்துக்கு ஜினாயிதாவை அணுகவும்.’

சரிபார்க்கும் ராஸ்முஸ் வீட்டிலிருந்து கேட்டான்:
‘யார் அது? எந்த அணி?’
‘எல்லா அணியும்’ என்று பதில் போட்டாள்.

பட்டியல் புதுப்பித்தது: ஏழு ஐம்பத்திரண்டு.
நிறுவியது. எழுதியது. எழுப்பியது.
பச்சை.
ஆயுளில் பத்து நொடி மிச்சமிருக்க
சர்வர் போய்ச் சேர்ந்தது.

ஏழு ஐம்பத்தி நான்கு.
பட்டியலுக்கு வயது இரண்டு நிமிடம்.
தூசி உறிஞ்சும் இயந்திரம்
மேசைக்கு அடியில் வந்து முட்டுகிறது.
லேலோ திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்
இரண்டு கால்களையும் தூக்கிக்கொள்கிறாள்.