திங்கள், புதன், வெள்ளி

கலிவரதனை நாங்கள் பங்கு போட்டுக்கொண்டது
செம்மண்டலம் பெட்ரோல் பங்க்கில்,
காற்றுப் பிடிக்கும் மெஷினுக்குப் பக்கத்தில்.
திங்கள் புதன் வெள்ளி எனக்கு.
செவ்வாய் வியாழன் சனி ஜெய்லாப்தீனுக்கு.
பத்திரம் கிடையாது. சாட்சி
இரண்டு டீ கிளாஸ்.
ஒருத்தர் ஆளை ஒருத்தர் இழுக்கக் கூடாது,
அது மட்டும் கையடித்துச் சொன்னது.
கலிவரதன் அப்போது
பின் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.
அவனை யாரும் கேட்கவில்லை.

எனக்கு இரண்டு வண்டி, அவருக்கு மூன்று.
கம்பெனி பெயர் எங்கள் சட்டையில் இருக்கும்,
எங்கள் பெயர் கம்பெனியில் எங்கும் இருக்காது.
பார்சலுக்குப் பதினாறு ரூபாய்.
திரும்பி வந்ததற்கு ஒன்றுமில்லை.
ஆடியில் சேர்ந்தவன் ஆவணியில் போவான்.
போன வருஷம் மட்டும் ஏழு பேர்.
ஒருவன் சாவியைச் சக்கரத்தின் மேல் வைத்துவிட்டு
ஆல்பேட்டை செக்போஸ்ட் தாண்டியபின் போன் செய்தான்:
"பாண்டிச்சேரியில நூறு ரூபா கூட, ஓனர்."
அவனைத் திட்டக்கூட
ரோமிங் மாதிரி ஒரு தயக்கம்.

ஆகவே, ஐப்பசியில்
தீபாவளிச் சரக்கு குடோன் கூரையைத் தொட்டபோது
கலிவரதன் சட்டைப்பையில் ஐந்நூறு செருகினேன்.
"வியாழக்கிழமையும் இங்கயே வந்துடு.
உடம்பு சரியில்லன்னு அவர்கிட்ட சொல்லிடு."
எண்ணிப் பார்க்காமல் மடித்தான்.
"அவரும் புதன்கிழமைக்குக் குடுத்திருக்கார்" என்றான்.
"உடம்பு சரியில்லாமப் போக
எனக்குன்னு ஞாயித்துக்கிழமைதான் இருக்கு."

பணத்தைத் திருப்பித் தரவில்லை.
கிழமையையும் மாற்றவில்லை.

அந்த வியாழன் நானே ஓட்டினேன்.
அவன் நெட்டைக் காலுக்குத் தள்ளி வைத்த சீட்டு.
கிளட்ச் எட்டவில்லை.
பக்கக் கண்ணாடியில் சாலைக்குப் பதில்
மழை இருட்டிய வானம்.
வண்ணாரப்பாளையத்தில் ஒரே கதவிலக்கம்
மூன்று வீட்டில் இருந்தது.
ஓடிபி சொல்லாமல் ஒரு பெண்
என் முகத்தையே பார்த்தாள்,
"வழக்கமா வர்றவர் எங்க?"
பொழுது சாய்ந்தபோது
முப்பத்தொரு பார்சல் மிச்சம்.
கலிவரதன் ஒருநாளும் நான்குக்கு மேல்
திருப்பிக் கொண்டுவந்ததில்லை.

ரசீது தேடி
தலைக்கு மேல் மடக்கியிருந்த வெயில் மறைப்பை இறக்கினேன்.
பால்பாயிண்ட் எழுத்து, சாய்ந்து, நெருக்கியடித்து:

*14, பச்சை கேட். மணி அடிக்காத, கைக்குழந்தை.*
*நாய் பேரு சீசர். பேரு சொன்னா போயிடும்.*
*மருந்துக்கடை அக்காகிட்ட குடுக்கலாம். சேலைன்னா வேணாம், பிரிச்சிடும்.*
*பாலத்துல தண்ணி ஏறினா கம்மியம்பேட்டை வழி.*
*நான் வரலன்னா பாத்துக்க.*

யாருக்கு எழுதினானோ.
பாத்துக்க என்று
என்னிடம் அவன் பேசியதில்லை.

ஜெய்லாப்தீனைக் கூப்பிட்டேன்.
"உங்க வண்டியிலயும் இருக்கா பாருங்க."
கதவு திறக்கிற சத்தம். மழைச் சத்தம்.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
"இருக்கு" என்றார். பிறகு
"என் வீடும் இருக்கு.
'ஓனர் வீடு. சீக்கிரம் கெளம்பிடு, பேச்சு அதிகம்'னு."
சிரித்தோம். சிரிப்பு அடங்கியபிறகும்
போனை வைக்கவில்லை.
அந்த ஐந்நூறைப் பற்றி அவர் கேட்கவில்லை.
அவருடையதைப் பற்றி நானும்.

வெள்ளிக்கிழமை ஏழரைக்கு வந்தான்.
ஏறி உட்கார்ந்து
சீட்டைப் பின்னால் தள்ளினான்,
கண்ணாடியைத் திருப்பினான்,
மிச்சக் குவியலை ஒருமுறை பார்த்தான்.
"யாரு ஓட்டுனது?"
புது டிரைவர் என்றேன்.
சாவியைத் திருகிக்கொண்டே கேட்டான்,
"நிப்பானா?"