பதினொரு மீட்டர் மேசை

தெலாவியில் ஒரு கல்யாண விருந்து.
மணப்பெண்ணின் தாய் எத்தேரி
வாசலிலேயே என் கையைப் பிடித்துச் சொன்னாள்:
"பேசோவும் ஜும்பெரும் ஒரே படத்தில் வேண்டும்."
அவ்வளவுதான். அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பேசோ, பெண்ணின் அப்பா. ஜும்பெர், அவர் தம்பி.
நடுவில் இருபது வரிசைத் திராட்சைக் கொடி,
ஒரு வழக்கு, ஒன்பது ஆண்டு.
இன்றைக்கு நடுவில் பதினொரு மீட்டர் மேசை,
அக்ரூட் சாந்தில் முங்கிய கோழி, நாற்பது பேர்.
ஒருவர் இந்த முனை.
ஒருவர் அந்த முனை.

மாலை முழுக்க ஒன்று புள்ளி நான்கில்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.
ஒயின் ஜாடிகளை மண்ணுக்குள் புதைத்த அறை அது,
வெளிச்சத்தைக் கெஞ்சித்தான் வாங்க வேண்டும்.
அகலத் திறந்த லென்ஸ் ஒரு முகத்தைத்தான் நம்பும்.
தேக்லேயின் இமைமுடியை எண்ணலாம்,
காதுத் தோடு அதற்குள் பனிமூட்டம்.
பின்னால் நிற்கும் மாமன்மார்
வட்ட வட்டமாய் வெளிச்சக் கொப்புளங்கள்.
அழகுதான். காசு கொடுப்பவர்கள் கேட்பதும் அதையே.
ஓரவஞ்சனை இல்லாமல் அந்த அழகு வராது.

எதற்கும் ஒருமுறை முயன்றேன்.
பேசோவின் மீசையில் குவித்தால் தம்பி கரைந்தார்.
தம்பியில் குவித்தால்
அண்ணனின் கன்னமும் தோளும் கரிய மேகம்.
லென்ஸும் கட்சி கட்டிவிட்டது.

எண் ஏற ஏற வாய் குறுகும் கருவி இது.
படிக்கிற காலத்தில் இந்தத் தலைகீழ்க் கணக்கு
என்னை அழவைத்திருக்கிறது.
இப்போது விரலுக்கே தெரியும்:
கிட்டப்பார்வைக்காரர் கண்ணை இடுக்குவதுபோல்
பதினாறுக்கு இடுக்கு,
தூரமும் பக்கமும் ஒரே பந்தியில் உட்காரும்.
விலைதான் அதிகம்.
முப்பத்தைந்து லென்ஸை மாட்டி, பீப்பாய் மேல் கேமராவை வைத்து,
ஐஎஸ்ஓவை ஆயிரத்து அறுநூறுக்கு ஏற்றிய பிறகும்
அரை நொடி கேட்டது.
குடித்த கல்யாணத்தில் அசையாத அரை நொடியை
யார் தருவார்?

எதில் குவிப்பது?
இவரிலும் இல்லை, அவரிலும் இல்லை.
மேசையில் மூன்றிலொரு பங்கு தள்ளி
யாரோ நகர்த்தி மறந்த உப்புக் கிண்ணம்.
அதன் விளிம்பில் வைத்துப் பூட்டினேன்.

உஷாங்கி எழுந்தார், விருந்தை நடத்துபவர்,
கையில் கொம்புக் கோப்பை.
நாட்டுக்கு என்றார். பெற்றோருக்கு என்றார்.
எனக்குத் தெரிந்து கால் மணி நேரம்
மாப்பிள்ளையின் ஆட்டுமந்தைக்கு.
பிறகு குரல் தாழ்ந்தது:
"போய்ச் சேர்ந்தவர்களுக்கு."

நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன.
நாற்பது பேரும் எழுந்தார்கள்.
நின்றார்கள்.
மடியிலிருந்து இறக்கிவிட்ட குழந்தைகூட.

அந்த அரை நொடியை
இறந்தவர்கள் தந்தார்கள்.

திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன்.
இந்த முனையில் பேசோ, சட்டைப் பொத்தானின் நூல் வரை.
அந்த முனையில் ஜும்பெர்,
கொஞ்சம் குருணை தட்டி, ஆனால் அவரேதான்.
அப்பாவுக்காக ரொட்டியின் மேல் ஒயின் சொட்டுகிறார்கள்,
இருவரும் இடது கையால்.
படத்தில் கலங்கியவை
அந்த இரண்டு கைகள் மட்டும்.

எத்தேரி வெகுநேரம் பார்த்தாள்.
ஒரு மீட்டர் அகலத்துக்கு அச்சிடச் சொன்னாள்,
கூடத்தில் மாட்டுவதற்கு.

அவளிடம் சொல்லாதது ஒன்று உண்டு.
பதினாறு எதையும் விட்டுவைப்பதில்லை.
ஜும்பெரின் தொடாத தட்டுக்குப் பக்கத்தில்
அரிசி அளவு ஒரு வெள்ளி மினுக்கு.
கார்ச் சாவி.
முனை வாசலைப் பார்த்தபடி.

கணினியில் அதை அழிக்க ஒரு நிமிடம் போதும்.
அதன் மேல் சுட்டியைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு
தேநீர் ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன்.

அப்படியே அனுப்பினேன் அச்சகத்துக்கு.