ஆறை அடைப்பதா

வண்ணார்பேட்டை ஆஸ்பத்திரி, சர்வர் ரூம்,
ராத்திரி ஒன்றே கால்.
டோக்கன் பக்கம் திறக்க ஐந்து நொடி.
"ஐபி ஆறுதான்வே இழுக்கு, அடைச்சிரும்"
மேலப்பாளையத்திலிருந்து போனில் மசூது.

ஆறை அடைக்க ஒரே ஒரு வரி.
ஆற்றை அடைக்கவென்றால்
கலெக்டர் கையெழுத்து, பத்து ஊர்ச் சண்டை.

அடைத்தேன். பக்கம் பறந்தது.

நாலு மணிக்கு லேப் கூப்பிட்டது:
இசக்கிராஜா, எட்டு வயது,
டெங்கு வார்டு,
ரத்த ரிசல்ட் வார்டுக்குப் போகவில்லை.
எவனோ அந்த ஒரு புரோகிராமை
ஆறின் வாசலில் மட்டும்
உட்காரவைத்துப் போயிருக்கிறான்.
குறிப்பு ஒன்றும் எழுதவில்லை.

வரியை அழித்தேன்.
ஐந்து நொடி திரும்பி வந்தது,
அதன் பின்னாலேயே ரிசல்ட்டும்.
பிளேட்லெட் ஏறியிருக்கிறது.

எங்கே இழுக்கிறது என்று
இனிமேல்தான் பார்க்க வேண்டும்.
மசூது தூங்கியிருப்பார்.