பொறுப்பு

பதினொரு நாள்தான். வீடு மாறவில்லை.
சிராங்கூன் கார்டனில் அதே வீடு,
அதே சொட்டும் குழாய்.
காலை எட்டுக்குக் கொடி வைத்த கார் வந்து நிற்கும்.
கையில் குப்பைப் பை. கேப்டன் ருஸ்தி விறைப்பாக சல்யூட் அடிக்க,
பையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
தலையை மட்டும் அசைத்தேன்.
எதிர்வீட்டு மேடம் கோ கேட்டார்:
"அப்போ உங்க பார்க்கிங் இடம் காலியா?"

தமிழ்ப் பேப்பரில் 'பொறுப்பு அதிபர்' என்று போட்டிருந்தார்கள்.
தவமணி வாசித்துவிட்டுச் சிரித்தாள்:
"எழுபத்தொரு வயதில் உங்களுக்குப் பொறுப்பு வந்துவிட்டது."

இஸ்தானாவில்
போனவர் படத்தை இறக்கிவிட்டார்கள்.
வரப்போகிறவர் படம் இன்னும் ஃபிரேம் கடையில்.
சுவரில் நடுவே, வண்ணம் மங்காத ஒரு சதுரம்.
அதுதான் நான்.
தூதர்கள் அதற்கு முன்னால் நின்று கைகுலுக்கினார்கள்.

ஒன்பதாம் நாள் ஒரு கோப்பு.
அமைச்சரவையின் ஆலோசனை, ஒரே பத்தி.
கையெழுத்திடும் இடத்தில் மஞ்சள் ஒட்டுத்தாள்.
என் கருத்துக்கு அதில் கோடு இல்லை.
சட்டத்திலும் இல்லை.
அந்தப் பிரிவை நான் பார்க்காமலே ஒப்பிப்பேன்.

கடைசியில், மொழிபெயர்ப்புக்கும் அடியில்,
நோட்டிலிருந்து கிழித்த தாள். தமிழ்.
"மாண்புமிகு அதிபர் அய்யா அவர்கலுக்கு"
என்று தொடங்கியிருந்தாள்.
ளகரம் வரவில்லை அந்தத் தாய்க்கு.
"என் மகன் செய்ததைப் பொறுத்துக்கொல்ல வேண்டும்."

இரண்டாம் முறை வாசித்தபோதுதான்
அந்தப் பிழை என்ன சொல்கிறதென்று பட்டது.
தாளைக் குப்புற வைத்தேன்.

மன்னிப்பு என்று பெயர்த்திருந்தார்கள். தவறில்லை.
ஆனால் பொறு என்றால்
தாங்கு. காத்திரு.
இன்னும் இரண்டு நாள் காத்திருந்தால்
இது என் மேசையில் இருக்காது.
வேறொருவர் மேசையில் இருக்கும்,
அதே ஒட்டுத்தாளோடு.

ருஸ்தி கடிகாரத்தைப் பார்க்கவில்லை.
அவர் பார்க்காமலிருப்பதைப் பார்த்தேன்.
பிறகு பேனாவைத் திறந்தேன்.

பதவியேற்பு முடிந்தது. கொடியில்லாத கார் கொண்டுவந்து விட்டது.
பார்க்கிங் இடத்தில் மேடம் கோவின் மகனுடைய வேன்.

வெள்ளிக்கிழமை விடியுமுன் விழித்துக் கிடந்தேன்.
சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.
ஆறு மணிவரை எண்ணினேன்.
அதற்குப் பிறகும் சொட்டியது.

பத்து மணிக்குப் பிளம்பர் வந்தார்.
வாஷர் மாற்ற ஐந்து நிமிடம்.
ரசீதை நீட்டி, "இங்கே ஒரு கையெழுத்து, அங்கிள்" என்றார்.

பொறுங்கள் என்றேன்.